சர்ச்சைக்குரிய நடுவர் தீர்ப்புகளும் சம்மேளனத்தின் மௌனமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்துப் போட்டிகளில் நடுவர்கள் அளிக்கும் சர்ச்சைக்குரிய தீர்ப்புகள் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வரும் செய்திகளையும், அவற்றையொட்டி வாசகர்கள் எழுதும் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். கோபமும் வருத்தமும் அவற்றில் நிறையவே இருக்கின்றன. குறிப்பிட்ட அந்தத் தருணத்தைப் பற்றி ஆட்ட விதி என்ன சொல்கிறது என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. “நடுவரின் தவறால் தோற்றோம்” என்று ஒரு சாராரும், “நடுவர் சொன்னால் சொன்னதுதான்” என்று இன்னொரு சாராரும் சொல்லிவிட்டு அத்துடன் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள்.

ரசிகர்கள் வாதிடுவதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் குமரி மாவட்டத்தின் கடலோர ஊர்களில் கால்பந்து பார்ப்பவர்களில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை நேசிப்பவர்களும் உண்டு, சென்னையின் எஃப்.சி. அணியை நேசிப்பவர்களும் உண்டு. ஒரு பெனால்டியைப் பற்றிய விவாதம் ஆட்டம் முடிந்து பல நாள் ஓடுவது இங்கே வழக்கமான காரியம். அப்படி ஓடவும் வேண்டும். ஆனால் வாதிடுவோருக்குத் தேவையான செய்தியைத் தர வேண்டிய இடத்தில் இருப்பவர்கள், அதாவது போட்டியை நடத்தும் அமைப்புகளும் நடுவர்களை நியமிக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும், வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைப் பற்றியே இந்தக் கடிதம்.

நம் நாட்டு ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத புண்ணாக இருப்பது 2024 ஜூன் 11 அன்று கத்தாரில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். அல் ரய்யானிலுள்ள ஜாசிம் பின் ஹமத் மைதானத்தில், லாலியன்சுவாலா சாங்தே 37-ஆவது நிமிடத்தில் அடித்த கோலால் இந்தியா முன்னிலையில் இருந்தது. 73-ஆவது நிமிடத்தில் கத்தாரின் யூசுஃப் அய்மன் தலையால் முட்டிய பந்தை கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். தரையில் கிடந்த அவரைக் கடந்து பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டி உருண்டது. பந்து வெளியே போய்விட்டது என்று எண்ணி இந்திய வீரர்கள் நின்றுவிட்டார்கள். கத்தார் வீரர் அல் ஹுசைன் அதைக் காலால் உள்ளே இழுத்துக் கொடுக்க, அய்மன் வலைக்குள் அடித்தார். தென்கொரிய நடுவர் கிம் வூ-சுங் கோல் என்று அறிவித்தார். இந்திய வீரர்கள் சூழ்ந்து நின்று முறையிட்டும் தீர்ப்பு மாறவில்லை. ஆசியத் தகுதிச் சுற்றின் அந்தக் கட்டத்தில் காணொலி உதவி நடுவர் முறை, நாம் ‘வி.ஏ.ஆர்.’ என்று சொல்கிறோமே அது, நடைமுறையில் இல்லை. ஆகவே உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்த படத்தைப் பார்க்க அனுமதியில்லாதவர்கள் மைதானத்தில் இருந்த நடுவர்கள் மட்டுமே. 85-ஆவது நிமிடத்தில் அல் ராவி இன்னொரு கோல் அடிக்க, இந்தியா 1-2 என்று தோற்று, தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியது.

விதி இந்த இடத்தில் மிகத் தெளிவானது. பந்து முழுவதும், தரையிலோ காற்றிலோ, கோட்டை முழுமையாகக் கடந்தால்தான் அது ஆட்டத்துக்கு வெளியே போனதாகும். ஒரு நூலளவு கோட்டின் மேல் தொங்கினாலும் ஆட்டம் தொடர்கிறது. அன்று படங்களில் தெரிந்த இடைவெளி நூலளவு அல்ல. அதனால்தான் அந்தக் கோலை நியாயப்படுத்திப் பேச, கத்தார் அணியின் தீவிர ஆதரவாளர்களைத் தவிர, யாரும் முன்வரவில்லை.

ஆனால் இதே கேள்வி, இதே அல் ரய்யான் பகுதியில், ஒன்றரை ஆண்டுக்கு முன்பு எழுந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 2022 டிசம்பர் 1, கலீஃபா சர்வதேச மைதானம், உலகக் கோப்பையில் ஜப்பானும் ஸ்பெயினும் மோதிய ஆட்டம். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் கோல் கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த பந்தை கவோரு மிதோமா திருப்பி அனுப்ப, ஆவோ தனாகா அதைக் கோலாக்கினார். பந்து வெளியே போய்விட்டது என்பதே முதலில் மைதானத்தில் கிடைத்த தீர்ப்பு. தொலைக்காட்சியில் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தவர்களும் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெரிகிறது என்று சத்தியம் செய்தார்கள். வி.ஏ.ஆர். அறையில் கோட்டுக்கு நேராக இருந்த கேமராவின் படத்தைப் பார்த்தபோது, பந்தின் வயிற்றுப் பகுதி இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் கோட்டின் மேல் நின்றது தெரிந்தது. கோல் அனுமதிக்கப்பட்டது. ஜப்பான் 2-1 என்று வென்று பிரிவில் முதலிடம் பிடித்தது. கோஸ்டா ரிகாவை 4-2 என்று வென்றிருந்தும் ஜெர்மனி வீடு திரும்பியது.

பந்து உருண்டையானது என்பதால், அதன் அடிப்பகுதி கோட்டுக்கு வெளியே தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதும் அதன் வளைவு கோட்டின் மேல் நிற்க முடியும். சுமார் 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்தில் இது ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் வரை கணக்கு மாற்றும். கோட்டின் நேர்வரிசையிலோ அதற்கு நேர் மேலேயோ இல்லாத எந்தக் கேமராவும் இதில் பொய் சொல்லும். ஆகவே 2022-இல் உரக்கக் கத்தியவர்கள் தவறு, 2024-இல் உரக்கக் கத்திய நாம் சரி. கத்தலின் உரத்தில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. வேறுபாட்டைக் கண்டறிய படமும் விதியும் வேண்டும். ஜப்பான் ஆட்டத்தில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா மறுநாளே கோல் கோட்டுக் கேமராவின் படத்தை வெளியிட்டு, மற்றக் கோணங்கள் ஏமாற்றக்கூடியவை என்று விளக்கம் தந்தது. அதன் பிறகும் ஒப்பாதவர்கள் இருந்தார்கள். ஆயினும் எதை ஒப்பவில்லை என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கத்தாருடனான நம் ஆட்டத்தைப் பொறுத்தவரை, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் முறையிட்ட செய்தி பெரிய எழுத்துகளில் வந்தது. அந்த முறையீட்டுக்குப் பிறகு நடந்தது அதே அளவில் எந்த ரசிகரையும் வந்து சேரவில்லை.

இங்கே நம் தரப்பையும் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஒரு தீர்ப்பால்தான் இந்தியா மூன்றாம் சுற்று வாய்ப்பை இழந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். அன்று இரவு குவைத், ஆப்கானிஸ்தானை 1-0 என்று வென்று ஏழு புள்ளிகளுடன் முடித்தது. இந்தியா ஐந்து புள்ளிகளில் நின்றது. கத்தாருடன் டிரா செய்திருந்தால்கூட ஆறு புள்ளிகள்தான் கிடைத்திருக்கும். வென்றே ஆக வேண்டிய ஆட்டம் அது. அநியாயமாக வந்த அந்தக் கோல் இல்லாவிட்டால் 1-0 என்ற முன்னிலையை மீதி நேரமும் காத்திருப்போமா என்பதை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதே சமயம், ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தேறிவிட்ட கத்தார் தன் முன்னணி வீரர்கள் பலரை அன்று களமிறக்கவில்லை என்பதையும், அதற்கு இரண்டரை மாதம் முன்பு குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் முன்னிலையில் இருந்தும் 1-2 என்று நாம் தோற்றதையும் கணக்கில் எடுக்காமல் பேசுவது நேர்மையாகாது. குவாஹாட்டித் தோல்விக்கு நடுவரைக் காரணம் சொல்ல வழியில்லை என்பதால்தானோ என்னவோ, அதைப் பற்றி வந்த கடிதங்கள் குறைவு.

ரசிகர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி: இவ்வளவு அப்பட்டமான தவறு நடந்திருக்கிறதே, ஆட்டத்தை மறுபடி நடத்தக் கூடாதா? நடத்த மாட்டார்கள், காரணம் கால்பந்து ஆட்ட விதிகளின் ஐந்தாம் விதியில் இருக்கிறது. கோல் விழுந்ததா இல்லையா என்பது உட்பட, ஆட்டத்தில் நடந்த நிகழ்வுகள் பற்றிய நடுவரின் தீர்ப்பே இறுதியானது. ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் துணை நடுவர்களின் சொல் கேட்டு அவர் மாற்றிக்கொள்ளலாம். தொடங்கிவிட்டால் அதுவும் முடியாது. நடுவர் கண்ணால் கண்டதில் பிழை என்றால் விதி அதைப் பொறுத்துக்கொள்கிறது. விதியையே தப்பாகப் பிரயோகித்தால் மட்டும் நிலைமை வேறு. இதற்கு நல்ல உதாரணம் 2005 செப்டம்பரில் தாஷ்கந்தில் நடந்த உஸ்பெகிஸ்தான்-பஹ்ரைன் ஆட்டம். உஸ்பெகிஸ்தான் 1-0 என்று முன்னிலையில் இருக்கும்போது அதற்கு ஒரு பெனால்டி கிடைத்து, பந்தும் வலைக்குள் போனது. ஆனால் அடிப்பதற்கு முன்பே அதே அணியின் வீரர் ஒருவர் பெனால்டிப் பகுதிக்குள் நுழைந்துவிட்டார். அப்போதிருந்த விதிப்படி பெனால்டியை மறுபடி அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஜப்பானிய நடுவரோ பஹ்ரைனுக்கு மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். அந்த ஆட்டத்தில் வென்றதே உஸ்பெகிஸ்தான்தான்; ஆனாலும் 3-0 என்ற வெற்றியைத் தங்களுக்கு அளிக்க வேண்டும் என்று அது முறையிட்டது. ஃபிஃபா அதற்குச் செவிசாய்க்காமல், நடுவர் விதியில் தவறிவிட்டார் என்று முடிவை ரத்து செய்து மறு ஆட்டத்துக்கு உத்தரவிட்டது. மறு ஆட்டம் 1-1, பஹ்ரைனில் நடந்த இரண்டாம் ஆட்டம் 0-0. எதிரணி மண்ணில் அடித்த கோல் என்ற கணக்கில் பஹ்ரைன் முன்னேற, கையிலிருந்த வெற்றியையும் கொடுத்துவிட்டு உஸ்பெகிஸ்தான் நின்றது. மறு ஆட்டம் கேட்டு மனு எழுதத் துடிப்பவர்களுக்கு இந்தக் கதையைப் பரிந்துரைக்கிறேன்.

கத்தாருடனான ஆட்டத்தில் நடந்தது கண்ணின் பிழை, தாஷ்கந்தில் நடந்தது விதியின் பிழை என்றால், இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய நிலப்பரப்பு இருக்கிறது: நடுவர் தன் விருப்பப்படி முடிவெடுக்க விதியே இடம் கொடுக்கும் தருணங்கள். ரசிகர்களின் வாதம் அனலாகப் பறப்பதும் அங்கேதான்.

2023 மார்ச் 3 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நாக்-அவுட் ஆட்டத்தை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் 90 நிமிடங்களில் கோல் ஏதுமின்றி முடித்து, கூடுதல் நேரம் தொடங்கியிருந்தது. பெனால்டிப் பகுதிக்கு வெளியே பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரள கோல்கீப்பர் பிரப்சுகன் கில் தன் வீரர்களை வரிசையாக நிறுத்தித் தடுப்புச் சுவரை அமைத்துக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் தூக்கி அடித்துவிட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் என்றார். கேரள வீரர்கள் கொந்தளித்தார்கள். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியை மைதானத்தைவிட்டு வெளியே அழைத்துச் சென்றார். ஆட்டம் அங்கேயே முடிந்து, பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டது.

“விசில் ஊதாமல் எப்படி அடிக்கலாம்?” என்பதே அன்று எல்லோரும் கேட்ட கேள்வி. கேள்வியின் அடிப்படையே தவறு என்பதை யாராவது அன்று இரவே சொல்லியிருந்தால் பாதிச் சண்டை அடங்கியிருக்கும். ஃப்ரீ கிக் அடிக்க நடுவரின் விசில் பொதுவாகத் தேவையில்லை. பந்து அசையாமல் நின்றால் போதும். எதிரணி வீரர்கள் 9.15 மீட்டர் தள்ளி நிற்காவிட்டாலும், அடிப்பவர் காத்திராமல் உடனே அடிக்கலாம். தவறு செய்த அணி சுவர் கட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை. தவறிழைத்தவருக்கு அவகாசம் கொடுப்பது ஆட்டத்தின் நோக்கமும் அல்ல. ஆனால் எதிரணியைத் தள்ளி நிறுத்தும்படி அடிக்கும் அணி கேட்டாலோ, நடுவரே சுவரின் தூரத்தை அளந்து நிறுத்த முற்பட்டாலோ, காயத்துக்கோ அட்டைக்கோ ஆட்டம் நின்றிருந்தாலோ, அதன் பிறகு விசில் ஊதும்வரை பந்தைத் தொடக் கூடாது. ஆக, சேத்ரியின் கோல் செல்லுமா செல்லாதா என்பது ஒரே ஒரு விஷயத்தில்தான் தொங்குகிறது: அந்தச் சில விநாடிகளில் ‘என் விசிலுக்குக் காத்திருங்கள்’ என்று நடுவர் சொல்லாலோ சைகையாலோ தெரிவித்தாரா இல்லையா? தெரிவித்துவிட்டார் என்பது கேரளத் தரப்பின் வாதம். இல்லை, கேட்டுக்கொண்டேதான் அடித்தேன் என்பது சேத்ரியின் நிலை. விரைவாக அடிக்கும் அவரது உரிமையில் எனக்குச் சந்தேகமில்லை. நடுவர் அந்த உரிமையை ஏற்கெனவே மூடிவிட்டிருந்தாரா என்பதில் இன்றுவரை தெளிவில்லை.

அதைத் தெளிவுபடுத்தக்கூடிய ஒரே மனிதர் அந்த நடுவர். அவர் பேச வழியில்லை. கேரள அணியின் முறையீடு தள்ளுபடியானது நமக்குத் தெரியும். மார்ச் 31 அன்று சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்ததும் தெரியும். ஆட்டத்தைப் பாதியில் விட்டுச் சென்றதற்குத் தண்டனை வேண்டியதே. அணியைக் கூட்டிக்கொண்டு போன செயல், அந்தத் தீர்ப்பு எவ்வளவு தவறாக இருந்திருந்தாலும், பணம் கொடுத்து வந்த ரசிகர்களையும் தன் வீரர்களின் உழைப்பையும் அவமதித்ததாகும். இன்னும் இருபது நிமிடங்களுக்கு மேல் அவகாசம் இருந்தது. ஒரு கோலைத் திருப்பி அடிக்க அது போதாத நேரமல்ல. ஆனால் தண்டனையின் ஒவ்வொரு ரூபாயும் வெளியில் தெரிந்த அளவுக்கு, சண்டைக்குக் காரணமான தீர்ப்பின் விளக்கம் தெரியவில்லை என்பதுதான் என் மனக்குறை. விளக்கம் இல்லாத இடத்தில் ஊகம் குடியேறுகிறது. நடுவரின் ஊர் எது, யாருக்கு வேண்டியவர், யாரிடம் என்ன வாங்கினார் என்று பேச்சு இறங்குவதற்கு ரசிகர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியாது.

இந்த இறக்கம் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க், 2005-இல் பார்சிலோனாவும் செல்சியும் மோதிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தை நடத்திய பிறகு, தனக்கும் தன் குடும்பத்துக்கும் வந்த கொலை மிரட்டல்களால் விசிலையே கீழே வைத்துவிட்டார். ஐரோப்பாவின் முன்னணி நடுவர் ஒருவருக்கே அந்த நிலை என்றால், பஞ்சாயத்துத் திடலில் ஞாயிற்றுக்கிழமை போட்டி நடத்தும் இளைஞர் எதை நம்பி நடுவர் தேர்வு எழுத வருவார்?

வி.ஏ.ஆர். வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். தொழில்நுட்பத்தால் தீரும் பிழைகள் உண்டு, மறுக்கவில்லை. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்தும் கோல் கிடைக்கவில்லை. அதுவரை தொழில்நுட்பத்தை எதிர்த்து வந்த ஃபிஃபாவின் மனம் அதன் பிறகுதான் மாறியது, 2012-இல் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இன்று அந்த வகைச் சண்டை பெரிய போட்டிகளில் ஏறத்தாழ மறைந்தேவிட்டது. வி.ஏ.ஆர். அப்படியல்ல. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் போன்ற சில தருணங்களில்தான் அது தலையிடும். அதுவும் தெளிவான, வெளிப்படையான தவறு என்றால் மட்டும். எது ‘தெளிவான தவறு’ என்பதை மறுபடியும் ஒரு மனிதரே முடிவு செய்கிறார். பெங்களூரு ஃப்ரீ கிக்கையே எடுத்துக்கொண்டால், நடுவர் வாயால் சொன்னாரா இல்லையா என்பதை எந்தக் கேமரா காட்டும்?

வி.ஏ.ஆர். அறையில் என்ன நடக்கலாம் என்பதை 2023 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தில் நடந்த டாட்டன்ஹாம்-லிவர்பூல் ஆட்டம் காட்டியது. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த முறையான கோலுக்கு மைதானத்தில் ஆஃப்சைடு கொடி உயர்ந்தது. வி.ஏ.ஆர். அறையில் இருந்தவர் அது ஆஃப்சைடு இல்லை என்பதைச் சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் மைதானத்துத் தீர்ப்பு ‘கோல்’ என்று அவர் தவறாக எண்ணிக்கொண்டிருந்ததால், சரிபார்ப்பு முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டார். மைதானத்தில் இருந்தவர்கள் அதை ஆஃப்சைடு உறுதியானதாகப் புரிந்துகொண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். தவறு தெரிந்தபோது, ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் திரும்பிப் போகக் கூடாது என்ற விதிமுறை குறுக்கே நின்றது. லிவர்பூல் 1-2 என்று தோற்றது.

இதை இவ்வளவு விவரமாக நான் எழுத முடிவது எப்படி? இங்கிலாந்தின் தொழில்முறை நடுவர் அமைப்பு அன்றே தவறை ஒப்புக்கொண்டு, அடுத்த சில நாள்களில் அந்த அறையின் உரையாடலை ஒலிப்பதிவாகவே வெளியிட்டதால். நிறுத்தச் சொல்லும் குரலும், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லும் குரலும் அதில் பதறுவதைக் கேட்ட எவருக்கும், அது சூழ்ச்சி என்று சொல்ல நா எழவில்லை. அவசரத்தில் மனிதர்கள் குழம்பிப்போனது காதில் விழுந்தது. லிவர்பூல் ரசிகர்களின் கோபம் அதனால் தணிந்ததா என்றால் இல்லை. ஆனால் அந்தக் கோபம் சரிபார்க்கும் முறையின் மேல் திரும்பியது, முறையும் மாற்றத்துக்கு உள்ளானது. 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்திய ஹோவர்ட் வெப், அந்த அமைப்பின் தலைவராக, தேர்ந்தெடுத்த தீர்ப்புகளின் உரையாடலைத் தொலைக்காட்சியில் ஒலிபரப்பி விளக்கி வருகிறார். 2023 மகளிர் உலகக் கோப்பையில், வி.ஏ.ஆர். முடிவை நடுவரே ஒலிபெருக்கியில் மைதானம் முழுவதற்கும் அறிவித்தார். இதனால் நடுவர்களின் மதிப்பு குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

இந்தியாவில் இதைச் செய்யப் பெரும் செலவு தேவைப்படாது. ஒவ்வொரு சுற்று ஐ.எஸ்.எல். ஆட்டங்களும் முடிந்த பிறகு, மிகவும் சர்ச்சைக்குள்ளான இரண்டு மூன்று தீர்ப்புகளை எடுத்து, எந்த விதி, நடுவர் எங்கே நின்றார், என்ன கண்டார், தீர்ப்பு சரியா தவறா என்று சம்மேளனத்தின் நடுவர் துறை ஒரு பக்கத்தில் எழுதி வெளியிட்டால் போதும். பெங்களூரு போன்ற ஆட்டம் என்றால் மறுநாளே. தமிழ், மலையாளம், வங்காளம் என்று ரசிகர்கள் அதிகமுள்ள மொழிகளில் அது வரவேண்டும். மைதானத்தை நிரப்புபவர்கள் இந்த மொழிகளில்தான் திட்டுகிறார்கள், விளக்கமும் அதே மொழியில் கிடைக்கட்டும்.

முழு வி.ஏ.ஆர். அமைக்கப் பணமில்லை என்றால் அதற்கும் மாற்று இருக்கிறது. 2024-இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில், தனியாக வி.ஏ.ஆர். அறையோ அதற்கான நடுவர்களோ இல்லாமல், குறைந்த எண்ணிக்கையிலான கேமராக்களைக் கொண்டே ஃபிஃபா ஒரு முறையைச் சோதித்தது. ஒவ்வோர் அணியின் பயிற்சியாளரும் ஓர் ஆட்டத்தில் இரண்டு முறை மறுபரிசீலனை கேட்கலாம். கோரிக்கை வென்றால் அந்த வாய்ப்பு அவரிடமே தங்கும். மைதான ஓரத்தில் உள்ள திரையில் நடுவரே பார்த்து முடிவெடுப்பார். கிரிக்கெட்டில் டி.ஆர்.எஸ். பார்த்துப் பழகிய நம் ரசிகர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. வுகோமனோவிச்சிடம் அன்று அப்படியொரு வாய்ப்பு இருந்திருந்தால், அவர் வெளியேறும் வாசலைப் பார்ப்பதற்கு முன் திரையைப் பார்த்திருப்பார்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு கோரிக்கை. சர்ச்சைக்குரிய தீர்ப்பு பற்றிய செய்தி வெளியிடும்போது, பயிற்சியாளரின் கோபப் பேச்சுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது விதிக்கு ஒதுக்குங்கள். ஓய்வுபெற்ற தேசிய, மாநில நடுவர்கள் தமிழ்நாட்டில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டால் பத்து வரிகளில் சொல்லிவிடுவார்கள். அடுத்த ஐ.எஸ்.எல். பருவம் தொடங்கும் முன், தீர்ப்பு விளக்கங்களை வெளியிடும் எண்ணம் உண்டா என்று தங்கள் செய்தியாளர் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்திடம் எழுத்துமூலம் கேட்டு, கிடைக்கும் பதிலை, பதிலே கிடைக்காவிட்டால் அதையும், விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்